வரைபடத்தில் புள்ளி வைத்துப் படம் வரைய: ஜியோஆர்ட் போட நினைக்கும் புதியவர்களுக்கு

ஜியோகேஷிங் என்பது ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை மற்றவர்கள் ஜி.பி.எஸ். வைத்துத் தேடும் விளையாட்டு. ஒவ்வொரு பெட்டியும் அதன் இணைய வரைபடத்தில் ஒரு ஐகானாகத் தெரியும். அங்கே நீலக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்று ஒரு ஆந்தையாகவோ பூவாகவோ தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத்தான் ஜியோஆர்ட் என்று பெயர். இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸுக்கு வடக்கே உள்ள வயல்வெளியில் நானும் ஒன்று போட்டேன். 42 பெட்டிகள், ஒரு மீன். ஆரம்பித்ததிலிருந்து வெளியாகும்வரை ஒன்பது மாதம் ஆனது. வரிசை தெரிந்து செய்திருந்தால் நான்கு மாதத்தில் முடிந்திருக்கும்.

என்னுடைய பெரிய தவறு ஒன்றுதான். முதலில் படத்தை வரைந்தேன், பிறகு நிலத்தைத் தேடினேன். 96 புள்ளியில் தோகை விரித்த மயில். புதிர்கள்கூட எழுதி வைத்துவிட்டேன். அதன் பிறகு போய்ப் பார்த்தால் பாதைகளில் பாதி பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறது, மீதியில் ஒரு நில உரிமையாளர் முடியாது என்றுவிட்டார். நான்கு மாத வேலையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நீங்கள் கீழே உள்ள வரிசையில் போங்கள். விதிகளில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அனுமதி பற்றி நான் சொல்வது இங்கிலாந்துக்கு, மற்றவை பெரும்பாலும் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

1. கேள்விக்குறி வேறு, பெட்டி வேறு

அமெரிக்காவின் நெவாடாவில், ரேச்சல் என்ற ஊருக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் வேற்றுக்கிரகவாசியின் தலை ஒன்று பெட்டிகளால் வரையப்பட்டிருக்கிறது. அங்கே புள்ளி இருக்கும் இடத்திலேயே பெட்டியும் இருக்கிறது. வெட்டவெளிப் பாலைவனம் என்பதால் அது முடிந்தது. நம்மைப் போல் ஊரும் வயலும் ரோடும் கலந்த இடத்தில் இருப்பவர்களுக்கு வழி மிஸ்டரி வகைதான். வரைபடத்தில் தெரியும் புள்ளி பொய்யான இடம். புதிரை விடுவித்தால் பெட்டி உண்மையில் இருக்கும் இடம் கிடைக்கும். அதை ஃபைனல் என்பார்கள்.

இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஃபைனல், அதன் கேள்விக்குறியிலிருந்து 2 மைலுக்குள், அதாவது 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். உண்மையான பெட்டிகள் ஒன்றுக்கொன்று குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மற்றவர்கள் வைத்த பெட்டிகளிலிருந்தும் அதே தூரம். கேள்விக்குறிகளுக்கு இந்த 161 மீட்டர் கணக்கு கிடையாது, அங்கே எதுவும் வைக்காதவரை.

ஆக, 42 பெட்டி என்றால் குறைந்தபட்சம் 6.6 கிலோமீட்டர் பாதை வேண்டும். நடைமுறையில் மரம், கம்பம், ஒளிக்க ஏற்ற மூலை எல்லாம் பார்த்தால் 9 கிலோமீட்டர் ஆகும். ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடிய வட்டப் பாதையாக அது இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள்.

இதுவரை 20 பெட்டியாவது தேடிக் கண்டுபிடிக்காதவர்கள் இப்போதைக்கு ஆரம்பிக்க வேண்டாம். ஜியோகேஷிங் தளமே அப்படித்தான் பரிந்துரைக்கிறது. மற்றவர்கள் எப்படி வைக்கிறார்கள், எது நனைந்து போகிறது என்பதெல்லாம் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

2. நிலத்தைப் பாருங்கள்

பிரிட்டன் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பொதுப் பாதைகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். வட்டமாக வரும் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து முழுக்க நடங்கள். எத்தனை இடம் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் படத்தின் புள்ளி எண்ணிக்கை. படம் அதற்குள் அடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மேஜிக் என்ற அரசு இணைய வரைபடத்தைத் திறந்து, எஸ்.எஸ்.எஸ்.ஐ. எனப்படும் பாதுகாப்பிடங்களும் தொல்லியல் சின்னங்களும் உங்கள் பாதையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் மயில் இங்கேதான் மாட்டியது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகும் வேலை அது. நான்கு மாதம் கழித்துச் செய்தேன்.

சொந்த ஊரில் இப்படிப் பெட்டிகளால் கோலம் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்குத் தஞ்சாவூர் போகும்போது ஒரு மாதத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வைத்தவர் பராமரிக்க முடியாத தூரத்தில் இருக்கும் பெட்டியை வெளியிட மாட்டார்கள். ஊரிலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒருவர் இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

3. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

பொதுப் பாதையில் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெட்டி வைக்க இல்லை. பாதை போகும் நிலம், வேலிப்படி, கேட் எல்லாம் நில உரிமையாளருக்குச் சொந்தம். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

யாருடைய நிலம் என்று கண்டுபிடிக்க, முதலில் அந்த ஊர்ப் பாரிஷ் கவுன்சில் (கிராம மன்றம்) கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், காசும் ஆகாது. பதில் வராவிட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப் பதிவகத்தில் பார்க்கலாம். ஒரு பதிவேட்டுப் பிரதிக்கு 7 பவுண்டு. ஒன்றிரண்டு வயலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் செலவு ஏறிவிடும். பெரிய நில அமைப்புகளுக்கு நாடளாவிய ஒப்பந்தம் இருக்கக்கூடும். ஜி.ஏ.ஜி.பி. என்ற பிரிட்டன் ஜியோகேஷிங் சங்கம் அதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டே எழுதத் தொடங்குங்கள்.

எழுதும் மின்னஞ்சலில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எத்தனை பெட்டி, எந்தெந்த இடம் (வரைபடத்தில் குறித்து), பெட்டியின் அளவு, பிரச்சினை என்றால் அழைக்க உங்கள் எண். தோண்ட மாட்டேன், மரத்தில் ஆணி அடிக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டுமே பொதுவாக விதிப்படியும் கூடாதவை.

விவசாயியாக இருந்தால் நேரில் போங்கள், பெட்டியைக் கையில் எடுத்துப் போங்கள். நான் போன பண்ணை வீட்டில் பெரியவர், பெட்டியாக நான் எடுத்துப்போன குழாயை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாடு இதை முழுங்குமா?" எனக்கு அது தோன்றவே இல்லை. மாடுகள் கூடும் மூன்று கேட்டுகளை அவரே வரைபடத்தில் அடித்துவிட்டு, மற்றவற்றுக்குச் சரி என்றார். அன்று மாலையே "இன்று பேசியபடி இந்த 14 இடங்களுக்கு நன்றி" என்று மின்னஞ்சல் அனுப்பி, அவர் "ஓகே" என்று எழுதிய பதிலை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த ஒரு சொல் பதில்தான் பிறகு ஆவணமாக உதவியது.

காலக்கணக்கு: மூன்று உரிமையாளரிடம் அனுமதி வாங்க எனக்கு ஏழு வாரம் ஆனது. விதைப்பு, அறுவடை நேரத்தில் யாரும் பதில் போட மாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் கேளுங்கள்.

4. இப்போது படம்

அம்மா அப்போது எங்களுடன் இருந்தார். கோல நோட்டில் அவர்தான் மீனைப் போட்டார். கோலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே புள்ளி மட்டும்தான், இழுக்கக் கோடு கிடையாது. நேர்ப்புள்ளிக் கட்டத்தில் போட்டால் சாய்வான இடங்களில் புள்ளிகள் 1.4 மடங்கு தள்ளிப் போய், மீனின் முதுகு கிழிந்தாற்போல் தெரியும். கட்டத்தை மறந்துவிட்டு, வெளிக்கோட்டை வரைந்து அதன் மேல் சம இடைவெளியில் புள்ளி வையுங்கள். உள்ளே நிரப்ப வேண்டாம். வெளிக்கோடும் ஒரு கண்ணும் போதும்.

இடைவெளி எவ்வளவு? எங்கள் அட்சரேகையில், இணைய வரைபடத்தின் 13ஆம் ஜூம் நிலையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 12 மீட்டர். 200 மீட்டர் இடைவெளி விட்டால் புள்ளிக்குப் புள்ளி 17 பிக்சல் வரும். ஐகான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், படமும் ஒரே திரையில் அடங்கும். 100 மீட்டரில் வைத்தால் நீலக் குழம்பாகத் தெரியும்.

அடுத்தது, என்னை ஒரு வாரம் அலைக்கழித்த கணக்கு. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது 1.85 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு நிமிடம் என்பது அட்சரேகை 52இல் 1.14 கிலோமீட்டர்தான். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் மீன் ஒல்லியாகி நெட்டுக்குத்தாக நிற்கும். 200 மீட்டர் நகர்த்த, வடக்கே 0.108 நிமிடம் கூட்டினால் கிழக்கே 0.175 நிமிடம் கூட்ட வேண்டும். சென்னையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கம். வடக்கே போகப் போக அதிகமாகும்.

கோஆர்டினேட், அதாவது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதும் முறையில் இன்னொரு பொறி இருக்கிறது. கூகுள் மேப் 52.0406 என்று தசமத்தில் கொடுக்கும். ஜியோகேஷிங் தளத்தில் பாகையும் நிமிடமும் வேண்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ள தசமப் பகுதியை 60ஆல் பெருக்கினால் வடக்கு 52° 02.436. அதை அப்படியே 52° 04.06 என்று எழுதிவிட்டால் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். மேற்குத் தீர்க்கரேகையில் கழித்தல் குறியை மறந்தால் மில்டன் கீன்ஸில் வைத்த மீன் 100 கிலோமீட்டர் கிழக்கே குதித்துவிடும்.

ஒரு எக்ஸெல் தாளில் எண், பெயர், கேள்விக்குறி இடம், ஃபைனல் இடம், இரண்டுக்கும் இடைத்தூரம், நில உரிமையாளர், ஒளித்த விதம், புதிரின் விடை என்று பத்தி போடுங்கள். அதை கூகுள் மை மேப்ஸில் ஏற்றினால் படம் எப்படி வரும் என்று இலவசமாகப் பார்த்துவிடலாம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் மற்றவர்களின் ஐகான்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மீனின் வயிற்றில் வேறொருவரின் சாதாரணப் பெட்டியின் பச்சை ஐகான் இருந்தால் அதை நகர்த்த முடியாது, உங்கள் மீனைத்தான் நகர்த்த வேண்டும்.

கேள்விக்குறிகள் யாருடைய வீட்டின் மேலும் பள்ளியின் மேலும் விழ வேண்டாம். புதிரைப் படிக்காமல் நேராக அந்தப் புள்ளிக்கே போய்த் தேடுபவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள்.

5. ரிவ்யூவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்

உங்கள் பகுதிப் பெட்டிகளைச் சரிபார்த்து வெளியிடுபவர் தன்னார்வலர். சம்பளம் இல்லாமல் தம் மாலை நேரத்தைக் கொடுப்பவர். 42 பக்கத்தை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவர் தலையில் கொட்டாதீர்கள். திட்டம் இது, படம் இது, அனுமதி இவர்களிடமிருந்து என்று முதலிலேயே எழுதுங்கள். பகுதிக்கென்று தனி விதி இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்.

மற்றவர்களின் மிஸ்டரி ஃபைனல்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அதனால் பெட்டி வாங்குவதற்கு முன்பே ஃபைனல்களைக் கொடுத்து, மற்ற பெட்டிகளின் 161 மீட்டருக்குள் வந்து மோதுகின்றனவா என்று பார்க்கும் கோஆர்டினேட் செக் கேளுங்கள். என் 42இல் ஐந்து மோதின. எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று இரண்டுக்கு அவரே சொன்னார். மோதியதைப் பத்து மீட்டர் பத்து மீட்டராக நகர்த்தித் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். மற்றவரின் ஒளிவிடத்தைத் துழாவிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். நல்ல தூரம் தள்ளி மாற்று இடத்தைக் கொடுங்கள். இதற்காகவே நடக்கும்போது ஏழெட்டு இடம் கூடுதலாகக் குறித்து வைக்கச் சொல்வேன்.

6. புதிர்

எளிதாக வையுங்கள். 42 கடினமான புதிரை யாரும் உட்கார்ந்து போட மாட்டார்கள். இங்கே பலர் ஜிகிடி தளத்தில் படத்துண்டுகளைச் சேர்க்க வைத்து, முடித்ததும் விடை தெரியும்படி செய்கிறார்கள். நான் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு சின்னக் கேள்வி வைத்தேன். வேறொரு தளத்தில் கணக்குத் திறந்தால்தான், எதையாவது பதிவிறக்கினால்தான் விடை வரும் என்பதுபோல் புதிர் இருக்கக் கூடாது.

விடை சரியா என்று பார்க்கும் வசதியைப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள், இலவசம்தான். அது இல்லாவிட்டால் "இது சரியா?" என்று தினமும் பத்துப் பேர் எழுதுவார்கள்.

7. பெட்டிகளும் செலவும்

பழைய ஃபிலிம் டப்பா மலிவு, ஆனால் இங்கிலாந்து மழைக்கு ஆறு மாதம் தாங்காது. சோடா பாட்டில் ஊதுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் தடித்த பெட் (PET) பிளாஸ்டிக் குழாய்கள் நல்லவை, மூடி இறுக்கமாக உட்காரும். நான் 50 வாங்கினேன், எட்டு உபரி. குழாய்களுக்கு 35 பவுண்டு, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் நனையாத காகிதச் சுருள்களுக்கு 12, கம்பி, கயிறு, லேபிளுக்கு 10, தொடரை முடிப்பவர்களுக்கான கூடுதல் பெட்டியான போனஸ் பெட்டிக்கு 6. மொத்தம் 63 பவுண்டு, பெட்ரோல் தனி. தளத்தில் வெளியிடக் கட்டணம் கிடையாது, அதற்குப் பிரீமியம் உறுப்பினராக இருக்கவும் தேவையில்லை. ஆனால் இலவசக் கணக்கில் ஆப் எல்லாப் பெட்டியையும் காட்டாது, இணையதளத்தில் பாருங்கள்.

உள்ளே இருப்பது தெரியும் குழாயை வாங்குங்கள், வெளியே "ஜியோகேஷ்" என்று லேபிள் ஒட்டுங்கள். 2011இல் யார்க்ஷயரின் வெதர்பியில் ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று பயந்து தெருவையே காலி செய்தார்கள்.

வைக்கும்போது ஃபோனை ஒரே ஒரு முறை பார்த்துக் குறிக்காதீர்கள். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரை பிசகும், மரத்தடியில் அதைவிட அதிகம். வேறு வேறு நாளில் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

8. பக்கங்களை நிரப்புதல்

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்ற வழி இல்லை. ஒவ்வொரு பக்கமாக நிரப்ப வேண்டும். ஒன்றுக்கு 12 நிமிடம் வைத்தால் 42க்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். இரண்டு மூன்று இரவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் 17க்கும் 18க்கும் ஃபைனலை மாற்றிப் போட்டுவிட்டேன், ரிவ்யூவர்தான் கண்டுபிடித்தார்.

பெயரில் 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். வகை மிஸ்டரி என்பதை முதலிலேயே சரிபாருங்கள், வெளியான பிறகு அதை நீங்களாக மாற்ற முடியாது. கோஆர்டினேட்டையும் 161 மீட்டருக்கு மேல் நீங்களாக நகர்த்த முடியாது. ரிவ்யூவருக்கான குறிப்பில் மூன்று வரி போதும்: அனுமதி தந்தவர், ஒளித்த விதம், "42ம் சேர்ந்து ஒரே நாளில் வெளியாக வேண்டும்" என்ற வேண்டுகோள்.

பெட்டி எல்லாம் இடத்தில் வைத்த பிறகே சமர்ப்பிக்கவும். முதல் பதில் பொதுவாக ஏழு நாளுக்குள் வரும். பெரிய தொடருக்குக் கூடுதல் நாள் கொடுங்கள்.

9. வெளியான பிறகு

யாராவது ஒரு பெட்டி காணவில்லை என்று எழுதினால் அந்த வாரக் கடைசியிலேயே போய்ப் பாருங்கள். நிறுத்திவைத்த பெட்டி வரைபடத்தில் சாம்பல் நிறமாகிவிடும். நான்கு வாரத்துக்கு மேல் அப்படியே விட்டால் ரிவ்யூவர் அதை மூடிவிடலாம், மூடினால் படத்தில் ஓட்டை. உபரி எட்டு குழாய் அதற்குத்தான்.

வேலிச் செடி விஷயத்தில் நான் பட்டது உங்களுக்கு வேண்டாம். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வேலியை வெட்டுவதில்லை. நான் ஜூனில் செழித்த வேலிகளுக்குள் பெட்டி கட்டினேன். செப்டம்பர் முதல் வாரத்தில் டிராக்டரில் பொருத்திய வெட்டுக்கருவி போனது. ஏழு பெட்டி. ஒன்றின் மூடி மட்டும், அதுவும் பாதி, பாதையோரம் கிடந்தது. பிளாஸ்டிக் சில்லுகளைப் பொறுக்கி எடுக்க ஒரு முழு நாள் ஆனது. வயல்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வேலிக்குள் வைக்காதீர்கள். கம்பத்தின் அடி, மரத்தின் வேர்ப் பொந்து, பாலத்தின் ஓரம் பாருங்கள்.

கோடையில் வைத்தால் குளிர்காலச் சேறும், குளிர்காலத்தில் வைத்தால் கோடையில் இடுப்பளவு வளரும் காஞ்சொறியும் தெரியாது. ஒவ்வொரு இடத்தையும் இரண்டு பருவத்திலாவது பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, தேடி வருபவர்களுக்காக உங்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். விடுவித்த இடத்தைத் தளத்தில் திருத்திப் போட்டால் அவர்களுடைய வரைபடத்தில் அந்த ஐகான் ஃபைனலுக்கு நகர்ந்துவிடும், படம் கலைந்துவிடும். பெட்டியைக் கண்டுபிடித்துப் பதிந்த பிறகு திருத்திய கோஆர்டினேட்டை நீக்கச் சொல்லுங்கள். அப்போது, கண்டுபிடித்ததைக் குறிக்கும் மஞ்சள் சிரிப்பு முகங்கள் பழைய இடத்துக்கே திரும்பி, நீல மீன் மஞ்சள் மீனாக நிற்கும்.